பலகைப் பாலத்துக்குக் கீழே நீச்சல் வகுப்பு

தண்ணீரில் மூழ்கி இறந்த பிள்ளையைப் பற்றிய செய்திக்குப் பத்திரிகையில் நான்கு வரிக்கு மேல் இடம் கிடைக்காது. வயது, தோட்டம், குளிக்கப் போன நேரம், போலீஸ் விசாரணை. அவ்வளவுதான். பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் நிருபரிடம் ஒன்று கேட்பேன்: அப்போது கரையில் யார் நின்றார்கள், அவர்கள் கையில் என்ன இருந்தது? பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் எந்த ஆசிரியரும் அல்ல. சுங்கை லாலாங் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்து டிரசரின், அதாவது ஆஸ்பத்திரி மருந்தாளரின், மனைவி.

மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை போனது. ரப்பர் ஷீட் போடும் ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்று அதைக் கீழே ஓரிடத்தில் அணை கட்டித் தேக்கியிருந்தார்கள். அதனால் ஓடை ஓடையாக இல்லை. பள்ளிக்குப் போகும் பலகைப் பாலத்துக்கு அடியில் ஆள் முழுகும் ஆழம். மழைக் காலத்தில் பலகை பாசி பிடித்து வழுக்கும். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் மூங்கில் கட்டியிருந்தது.

எதிர்வீட்டு அத்தையின் மகன் அந்தப் பலகையிலிருந்துதான் விழுந்தான். உறவில் அவர் எனக்கு அத்தை இல்லை, கூப்பிடும் முறையில் அத்தை. கணவர் முன்பே இறந்துவிட்டார். அத்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் மகனையும் மகளையும் வளர்த்தார். மகள் என் வகுப்பு. பள்ளி விட்டு நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் ஸ்டோரில் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஆண்கள் நான்கு பேர் வெறும் வாளிகளோடு அந்தக் கரையில் வந்துகொண்டிருந்தார்கள். பையன் முன்னால் ஓடினான், வழுக்கினான். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான்கு பேரும் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் குதித்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. வேரைப் பிடித்துக்கொண்டு தப்பியதே பெரிய காரியம். மற்ற மூவரும் கரையில் நின்று பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் கை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அந்தக் கைக்கும் கரைக்கும் நடுவே ஒரு காண்டாக் கம்பு நீளம்கூட இருக்காது. பால் வாளிகளை இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு அது. மூவரில் இருவர் தோளில் அப்போதும் கம்பு இருந்தது.

வெளியே எடுத்த பிறகு அவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள். தண்ணீர் குடித்தவனுக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். பிறகு தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மருந்து வாங்க டிரசர் சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தார். அவர் மனைவி வெளியே வந்து பையனைத் தரையில் கிடத்தச் சொல்லி, தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்ன என்று விசாரித்தவர் கடைசியில் கேட்டார்: "கம்பு கையிலை இருந்ததெல்லோ?"

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. புரியாமல் கேட்டதுதான். வேரைப் பிடித்துத் தப்பிய மாமா பதில் சொன்னார்: "கம்ப வச்சி என்னங்கம்மா பண்றது? அவன் தண்ணியிலல்ல இருந்தான்."

டிரசரம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கீரிமலைக் கேணியில் பெண்களுக்கென்று இருந்த பக்கத்தில் சிறுவயதிலேயே நீந்தப் பழகியவர். கல்யாணமாகி மலாயா வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பெண்கள் லயத்துப் பக்கம் வர மாட்டார்கள். வந்தாலும் குடை பிடித்துக்கொண்டு கோயில்வரை வந்து திரும்பிவிடுவார்கள். இவர் பையனின் காரியம் முடிந்த மறுநாள் குடையில்லாமல் வந்தார். வாசல் வாசலாகப் போய், இந்த வீட்டில் யாருக்கு நீந்தத் தெரியும் என்று கேட்டார். எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரியவர்களில் சிலருக்குக் கிணற்றில் குதித்த பழக்கம் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பைப்பு மட்டும்தான் தெரியும்.

அத்தை வீட்டில் அவர் எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

அந்த வாரமே அத்தை மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். விடியும் முன்பே ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும் தாய்க்கு, விடிந்த பிறகு பலகையைக் கடக்கும் மகளைக் காவல் காக்க வழியில்லை. அதனால் மகளையும் இருட்டோடு இருட்டாக ரப்பர் காட்டுக்கு அழைத்துப் போனார். என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னவள், பால் வடியும் கிண்ணமான மங்கில் ஒட்டிய பாலைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு தாயின் பின்னால் மரம் மரமாக நடந்தாள். வாத்தியார் வந்து பேசிப் பார்த்தார். அத்தை வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு, "படிக்காட்டி உசிரோடயாவது இருப்பால்ல சார்" என்றார். வாத்தியார் திரும்பிப் போனார்.

டிரசரம்மா நீச்சல் வகுப்பு தொடங்கியபோது அத்தை மகளுக்காக என்று யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், பலகைப் பாலத்துக்குச் சற்றுக் கீழே ஓடை வளையும் மூலை. அங்கே கரை சரிவாக இறங்கும், மணல் காலுக்குத் தட்டும். தோட்டத்துத் துரையிடம் கணவர் மூலமாக அனுமதி வாங்கினார். அணைப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது, ஸ்டோர் தண்ணீர் கலங்கக் கூடாது என்பது துரையின் நிபந்தனை. காசு எதுவும் கிடையாது என்று கேட்டதும் லயத்தில் சந்தேகம் வந்தது.

"தோட்டத்துல சும்மா குடுக்கறது வயித்துப் பூச்சி மருந்து மட்டுந்தான்" என்றார் என் அம்மா. "இதுவும் கசக்கத்தான் செய்யும், பாரு."

முதல் நாட்களில் அவர் எங்களைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. ஆளுக்கொரு காண்டாக் கம்பு கொண்டுவரச் சொன்னார். புல்லில் குப்புறப் படுக்க வேண்டும். கால்களை அகட்டி ஊன்றிக்கொள்ள வேண்டும். கம்பை நீட்ட வேண்டும். எதிரே கோணிச் சாக்கில் ஒருவன் உட்கார்ந்து கம்பின் முனையைப் பிடிப்பான். அவனை இழுக்க வேண்டும். நின்றுகொண்டு இழுத்தவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுந்தார்கள். படுத்துக்கொண்டு இழுத்தவர்கள் சாக்கை நகர்த்தினார்கள். அதைப் பார்த்தபின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒருத்தரும் குதிக்கப்படாது" என்பார். "முதல்லை நீட்டு. நீட்ட ஒண்டும் இல்லையெண்டால் எறி. எறியவும் ஒண்டும் இல்லையெண்டால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடு. விளங்குதோ பிள்ளையள்?"

"வெளங்குது டிரசரம்மா."

பையன்கள் அந்தப் பேச்சை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சாயங்காலம் லயம் முழுவதும் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

"அம்மா, சோறு போடுங்கோ."

"போடறேன், வாயிலயே போடறேன்."

"விளங்குதோ?"

"அடி வெளங்கும் இப்ப."

புல்லில் சாக்கு இழுப்பதைப் பார்த்துவிட்டுப் போன, வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "என்னம்மா, தண்ணிக்கு வழி தெரியலியா?" என்று கேட்டார். டிரசரம்மா சிரித்துவிட்டு, அவரையும் ஒருமுறை சாக்கில் உட்காரச் சொன்னார். மண்டோர் பெரிய உடம்பு. நான்கு பெண் பிள்ளைகள் படுத்துக்கொண்டு அவரை இழுத்தோம். சாக்கு நகர்ந்தது. மறுநாள் தம் இரண்டு பையன்களையும் அவரே அனுப்பினார்.

தண்ணீரில் இறங்கும் நாள் வந்ததும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சுருங்கியது. பையன்கள் கால்சட்டையோடு இறங்கினார்கள். பெண்கள் பாவாடையைக் கழற்றக் கூடாது என்று எல்லா வீட்டிலும் ஒரே சொல்லாக இருந்தது. பாவாடையோடு இறங்கினால் அது காலைச் சுற்றும், அடித்து நீந்த முடியாது. டிரசரம்மா முதலில் தாய்மார்களிடம் வாதாடிப் பார்த்தார். என் அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நீந்திக் கரையேறிட்டு எந்த மூஞ்சோட லயத்துக்கு நடந்து வருவா?" அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. ஒரு வாரம் வகுப்பு நின்றது.

அந்த ஒரு வாரத்தில் அவர் என்ன செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஆற்றங்கரை மலாய்க் கிராமத்துக்குப் போய், மலாய்ப் பெண்கள் சாரோங்கோடு குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பெண்கள் விளையாட்டாகச் செய்யும் ஒன்றை அவர்களிடமே கேட்டு, அங்கேயே செய்து பழகியிருக்கிறார். அவர்களுக்குத் தமிழும் இவருக்கு மலாயும் வராத நிலையில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆண்களையும் பையன்களையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாய்மார்களை ஓடைக்கு அழைத்தார். பைப்படியில் நம் பெண்கள் கட்டுவதுபோலப் பாவாடையை மார்புக்கு மேல் குறுக்குக் கட்டாகக் கட்டியிருந்தார். டிரசர் வீட்டு அம்மா அப்படி வந்து நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பாவாடையின் கீழ் விளிம்பை இரண்டு கையாலும் தூக்கி, காற்றை அள்ளுவதுபோல ஒரு வீச்சில் தண்ணீர்மேல் அறைந்தார். உள்ளே காற்று நின்று துணி உப்பியது. விளிம்பைச் சேர்த்து முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஈரத் துணி காற்றை விடவில்லை. அவர் மிதந்தார். வளைவிலிருந்து மெதுவாகக் கீழே போய், காற்று குறைந்ததும் மறுபடி அள்ளி, கரையில் ஒதுங்கினார்.

"பூசணிக்காயாட்டம் இருக்கு" என்றார் ஒரு பெண்.

"பூசணிக்காய் தாழாதெல்லோ" என்றார் டிரசரம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மா சிரித்ததை நான் பார்த்தேன். அதன் பிறகு பாவாடையைக் கழற்றும் பேச்சே எழவில்லை. விழும்போது பிள்ளை பாவாடையோடுதானே விழப் போகிறாள், பாவாடையோடு பழகுவதுதான் சரி என்று தாய்மார்கள் தாங்களே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். டிரசரம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். அது உண்மையும்கூட.

அத்தை வந்தது இதற்குப் பிறகு. காட்டு வேலை முடிந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மகளின் இடுப்பில் மாடு கட்டும் கயிறு கட்டியிருந்தது. மறுமுனை அத்தையின் மணிக்கட்டில்.

"எறக்குங்க" என்றார். "கயிறு என்கிட்ட இருக்கும்."

டிரசரம்மா கயிற்றைப் பார்த்தார். பிள்ளையை இறக்கினார். அவள் சாய்ந்து காது நனைந்த அந்த நொடியே கயிறு விறைத்தது. கரைக்கு வந்துவிட்டாள். மறுபடி இறங்கினாள், மறுபடி வந்தாள். முகம் தண்ணீரில் படும் முன்பே அத்தையின் கை இழுத்துவிடும். மூன்று நாள் இப்படிப் போனது. பையன்கள் அவளைத் தூண்டில் மீன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அழுதாள். அத்தை அசையவில்லை.

நான்காம் நாள் டிரசரம்மா அத்தையின் பக்கத்தில் போய் நின்றார்.

"கயிறு நல்லதுதான். ஆனா கரையிலை நிண்டு இழுத்தால் பிள்ளை எப்பிடி மிதக்கிறது? கயித்தோடை நீங்களும் வாங்கோ."

"எனக்கெதுக்கு? நான் ஸ்கூலுக்குப் போறனா?"

"அவள் தாழ்ந்தால் ஆர் எடுக்கிறது?"

அத்தை மணிக்கட்டுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நாலு பேரு நின்னாங்கம்மா. நாலு பேரும் நல்ல மனுசங்கதான். ஒருத்தர் மேலயும் எனக்குக் கோவமில்ல. ஒருத்தருக்கும் தெரியல, அவ்வளவுதான்."

"ஓம். அதாலைதான் கேக்கிறன்."

அத்தை இறங்கினார். தோட்டத்தில் அதுவரை பெரியவர்கள் யாரும் வகுப்பில் இறங்கவில்லை. பையன்கள் அன்று கேலி செய்யவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக நடந்த கால்கள். தண்ணீரில் அவை கல்லைப்போல நின்றன, மேலே வரவே மறுத்தன. முகத்தை நனைக்கப் பல நாள் ஆனது. தலையைப் பின்னால் சாய்த்து, பின்கழுத்தை டிரசரம்மாவின் உள்ளங்கையில் வைத்தபோது, அவர் கண்களை மூடவில்லை. கயிற்றின் முனை அப்போதும் அவர் மணிக்கட்டில்தான் இருந்தது, மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்றைக்கு அது அவிழ்க்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தபோது இருவர் இடுப்பிலும் கையிலும் எதுவும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பு நீட்டும் பயிற்சியை இப்போது தண்ணீரிலேயே செய்தோம். ஒருவர் மூழ்குவதுபோல நடிக்க வேண்டும், மற்றவர் இழுக்க வேண்டும். "எம் பொண்ணு அப்படி நடிக்க மாட்டா" என்றார் அத்தை. "வெளையாட்டுக்குக்கூட வேணாம்." டிரசரம்மா அதைக் கேட்டுவிட்டுத் தாமே ஆழத்துக்குப் போனார். கைகளை உயர்த்தினார். ஒரு முறை தலை உள்ளே போனது.

அத்தை கரையில் குப்புற விழுந்தார். படுத்தார் என்று எழுத முடியாது, விழுந்தார். கம்பு நீண்டது. டிரசரம்மா பிடித்த அடுத்த கணம் சேற்றோடு சேறாகக் கரையில் கிடந்தார், முழங்கை சிராய்த்து. அவ்வளவு வேகமாக யாரும் அவரை இழுத்ததில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, "சரி, விடுங்கோ, வந்திட்டன்" என்றார். அத்தை கம்பை விடவில்லை. டிரசரம்மாவும் மறுமுனையை விடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மற்றவர்கள் தள்ளி நின்றோம்.

மழை தொடங்கும் முன் டிரசரம்மா ஒரு சோதனை வைத்தார். பள்ளிக்குப் போகும் உடுப்போடு பலகைப் பாலத்திலிருந்து விழ வேண்டும். குதிக்கக் கூடாது, விழ வேண்டும். நான் விழுந்தேன். தண்ணீர் மூக்கில் ஏறிய எரிச்சலும், மேலே வந்தபோது பாவாடையை அள்ளிய அவசரமும் இன்றும் நினைவில் இருக்கின்றன. எங்களுக்குப் பிறகு அத்தை மகளின் முறை. அவள் தம்பி விழுந்த இடம் அது. பாலத்தின் நடுவில் நின்று தாயைப் பார்த்தாள். அத்தை கீழே வளைவில் கம்போடு நின்றிருந்தார். டிரசரம்மா தண்ணீரில் கழுத்தளவில் இருந்தார். "இஷ்டமெண்டால் செய், இல்லையெண்டால் நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அவள் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். உள்ளே போனாள். வெளியே வந்தாள், இருமினாள். பாவாடை விளிம்பு ஒரு தடவை கையை விட்டு நழுவியது. இரண்டாவது தடவை காற்று துணிக்குள் நின்றது. நீரோட்டம் அவளை வளைவுக்குக் கொண்டுவந்தது. அத்தை அதற்குள் குப்புறப் படுத்துக் கம்பைத் தண்ணீர்மேல் நீட்டிவிட்டிருந்தார். மகள் அதைத் தாண்டிப் போனாள். பிடிக்கவில்லை. காலை இரண்டு உதை உதைத்து, மணலில் தானே ஒதுங்கி எழுந்து நின்றாள்.

"கம்பப் புடிக்கிறதுக்கென்னடி?" என்றார் அத்தை.

"எட்டிருச்சிம்மா, கால்."

அத்தை எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். டிரசரம்மாவிடம் போய் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. டிரசரம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அந்த வகுப்பு மூன்று மழைக் காலங்கள் நடந்தது, டிரசருக்குப் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல் வரும்வரை. அங்கேயும் ஓர் ஓடை தேடிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஓடையில் அதற்குப் பிறகும் பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள், நான் அறிந்தவரை எல்லாரும் ஏறி வந்தார்கள். இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஏறி வந்த பிள்ளை செய்தியில்லை என்பது எனக்கும் தொழில் சொல்லிக்கொடுத்ததுதான்.

சோதனைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் பாலத்துக்கு வந்தபோது, அத்தை மகள் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள். நீல உடுப்பு, தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல். கரையில் அவள் அம்மா நிற்பார் என்று நினைத்து நான் சுற்றிலும் பார்த்தேன். இல்லை.

"ஒங்கம்மா எங்கடி?"

"பெரட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள். "நீ நடடி, பெல் அடிச்சிருவாங்க."

மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.